அஞ்சலையம்மா முகத்து மஞ்சள்

1. முதல் நாள் கேள்வி

நான் போட்டோ லேபில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாமி கும்பிடுவியா?"

"கும்பிடுவேங்க."

"அப்ப சரி. இங்க தெனமும் செத்தவங்க மூஞ்சியைத்தான் பாக்கணும். பயந்தவன்லாம் ஒரு வாரத்துல ஓடிப்போய்ட்டான்."

முதலாளி பெயர் தாமஸ். நேரு வீதியிலிருந்து பிரியும் சந்தில் லேப். அவருடைய மேசைக்கு மேலே மாதா படம், என் கம்ப்யூட்டருக்கு மேலே மாரியம்மன் படம். இருவருக்கும் ஒரே பூக்காரம்மாவிடம்தான் இன்றுவரை பூ வாங்குகிறோம். நான் பத்தாவது வரைதான் படித்தவன். பிலிம் காலத்தில் இருட்டறையில் நின்றேன், பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வேலை மட்டும் மாறவில்லை. முகத்தைச் சரிசெய்வதுதான் என் வேலை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் தொழில் சங்கத்தில் கேட்டதால், என் மனதில் உறுத்திய ஒரு விஷயத்தை எழுதுகிறேன். தொழில் பெருமை இதில் இல்லை. என் கை செய்த ஒரு தப்பைப் பற்றியது.

2. கறுப்பாக்கு, வெளுப்பாக்கு

எங்கள் லேபுக்கு இரண்டு வகை கஸ்டமர்கள்.

முதல் வகை, கருமாதிக்குப் படம் போட வருகிற குடும்பங்கள். இறந்தவருக்கு நல்ல படம் இருக்காது. ஆதார் கார்டு, கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம், இப்படி எதையாவது கொண்டுவருவார்கள். நாங்கள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, வெளுப்பாக்கி, சுருக்கத்தை எடுத்து, உடம்புக்கு டெம்ப்ளேட் போடுவோம். ஆம்பளைக்கு கோட்டு, பொம்பளைக்குப் பட்டுச்சேலை, கழுத்தில் காசுமாலை. என் கம்ப்யூட்டரில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை இருக்கிறது. சாரத்திலும் முத்தியால்பேட்டையிலும் எத்தனையோ வீட்டுச் சுவரில் எத்தனையோ அம்மாக்கள் அந்த ஒரே சேலையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவர்களில் பாதிப் பேர் அப்படி ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சில வீட்டில் இறந்த பிறகு எடுத்த படம் மட்டும்தான் இருக்கும். அதற்கு "கண் திறப்பது" என்று ஒரு வேலை உண்டு. வேறொருவர் கண்ணை எடுத்து அளவு பார்த்து ஒட்டுவோம். செய்யும்போது முருகா முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இரண்டாம் வகை, கண்காட்சி வைக்கிற போட்டோகிராபர்கள். கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மாட்டுவதற்குப் பெரிய பெரிய பிரிண்ட் கேட்பார்கள். அவர்கள் எடுப்பது மீன்காரம்மா, ரிக்‌ஷாக்காரர், குப்பை பொறுக்குகிறவர், ஒழுகுகிற குடிசை. இவர்கள் கேட்பதும் முகத்தைச் சரிசெய்யத்தான், ஆனால் எதிர்ப்பக்கமாக. "சுருக்கம் நல்லா தெரியணும் கோபால். இன்னும் கான்ட்ராஸ்ட் ஏத்துங்க. கறுப்பு இன்னும் கறுப்பாகட்டும்."

காலையில் ஒரு கிழவி முகத்தில் கோடுகளை ஆழமாக்குவேன். மத்தியானம் இன்னொரு கிழவி முகத்தில் கோடுகளை அழிப்பேன். முதலாளி ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கோபாலு, அங்க எடுக்கற சுருக்கத்தை இங்க கொண்டாந்து ஒட்டினா ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுடும்." நானும் சிரித்தேன். பல வருஷம் இந்த இரண்டும் எனக்கு வெறும் வேலைதான். ஒருவர் கறுப்பு கேட்கிறார், ஒருவர் வெளுப்பு கேட்கிறார். நமக்கென்ன.

3. ஏழாம் நம்பர் படம்

கண்காட்சிக்காரர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அந்துவான். நம் ஊர்க்காரர்தான். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அக்கம்பக்கத்தில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்வார்கள். இவர் சின்ன வயசிலேயே பிரான்ஸ் போய்விட்டார். வருஷா வருஷம் மார்கழியில் வந்து, இரண்டு மாதம் தங்கிப் படம் எடுப்பார். நான் பிரெஞ்சு வழக்கப்படி முசியே, அதாவது ஐயா என்று கூப்பிடுவேன். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டம்ளரில் டீ குடித்துக்கொண்டே, திரையில் விரலை வைத்துக் காட்டுவார். நல்ல மனுஷர். ஒரு புயலுக்குப் பிறகு கூரை போன வீடுகளை அவர் எடுத்த படங்களைப் பார்த்துத்தான், வெளிநாட்டில் அவருக்குத் தெரிந்தவர்கள் தார்ப்பாயும் அரிசியும் அனுப்பினார்கள். பிரிண்ட் போட்டவன் நான். அந்தப் புண்ணியத்தில் எனக்கும் கொஞ்சம் உண்டு என்று நினைத்துக்கொள்வேன். கஷ்டத்தைப் படம் எடுப்பது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

ஒரு வருஷம் அவர் ஆடி மாதத்தில் ஒரு வாரம் வந்து போனார். அந்த மார்கழியில் "பசி" என்று பேர் வைத்து பன்னிரண்டு படங்கள் மாட்டினார். எல்லாம் கறுப்பு வெள்ளை. அதில் ஏழாவது, ஒரு பெண்ணின் முகம். தரையில் கிடக்கிறாள். கண் மூடியிருக்கிறது, ஓரத்தில் கண்ணீர். ஈர முடி கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. முகமெல்லாம் அழுக்கு, தோளில் நனைந்த அழுக்குச் சேலை.

கலர் ஃபைலைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்லைடர் இருக்கும். எந்த நிறத்தை இழுக்கிறோமோ அது கறுப்பாகும், அல்லது வெளுக்கும். அவர் தன் வீட்டிலேயே கறுப்பு வெள்ளையாக்கி, முகத்தைச் சுற்றி மற்றதை வெட்டி கிராப் செய்து வைத்திருந்தார். எனக்கு வந்தது அப்படித்தான்; ஃபைலின் அடியில் நிறம் அழியாமல் இருந்தாலும் திரையில் தெரிந்தது கறுப்பு வெள்ளைதான். ஒரிஜினலும் கூடவே இருந்தது, நான் திறந்து பார்க்கவில்லை. பிரிண்டில் முகம் வெளுத்துத் தெரிகிறது என்றார்.

"மஞ்சள் ஸ்லைடரைக் கொஞ்சம் இடது பக்கம் இழுங்க கோபால்."

இழுத்தேன். அழுக்கு கூடியது.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் இழுத்தேன்.

"ஆங். போதும், போதும். அழகு."

எனக்கும் தொழில்காரனாகப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பெரிய பிரிண்டாகப் போட்டு, சுருட்டிக் கொடுத்தேன். மஞ்சள் ஸ்லைடர் இவ்வளவு வேலை செய்கிறதே, அப்படியானால் அந்த முகத்தில் அவ்வளவு மஞ்சள் எங்கேயிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

4. பட்டு கட்டட்டும்

அடுத்த சித்திரையில் ஒரு பெண்ணும் அவள் தாய்மாமனும் லேபுக்கு வந்தார்கள். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும், பெயர் மாலதி. தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஊர். அம்மா இறந்து ஒன்பதாவது நாள். பதினாறாம் நாள் கருமாதிக்குப் படம் வேண்டும்.

"படம் இருக்காம்மா?"

மாலதி போனை நீட்டினாள். கண்ணாடியில் பல்பு வெளிச்சம் அடிக்க, சாய்வாக எடுத்த ஒரு போட்டோ. பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் பிரிண்ட். ஏழாம் நம்பர்.

"இது எப்படிம்மா உங்ககிட்ட வந்துச்சு?"

"பக்கத்து வீட்டு அக்கா பீச்சு பக்கம் ஒரு கெஸ்ட் அவுஸ்ல வேலை செய்யுது. ஒங்கம்மா போட்டோவை மாட்டி வெச்சிருக்காங்கடின்னு எடுத்துக்கினு வந்து காட்டிச்சு. அம்மா அப்ப நல்லாதான் இருந்துச்சுண்ணா."

"வேற படம் எதுவும் இல்லியா?"

"எங்கம்மா போட்டோன்னாலே ஓடிப்போய்டும். என் பழைய போன்ல ரெண்டு மூணு இருந்துச்சு, அது மழையில நனைஞ்சு செத்துப்போச்சு. ஆதார்ல இருக்குறத வெச்சு மாட்ட முடியாது. திருடி மாதிரி இருக்கேன்னு அம்மாவே சொல்லும்."

மாமா நிலத்தில் வேலை செய்கிற மனுஷர், தோளில் துண்டு, முழங்கை வரை வெயில் கறுப்பு. போனை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இப்படியே ஊர் பூரா பாத்தாச்சு எங்க அக்காவ. செத்தப்புறமாச்சும் பட்டு கட்டட்டும். நகை போடுங்க. மூஞ்சிய கழுவிவுடுங்க. கண்ணத் தொறந்துவுடுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டு நாளில் தயாராகும் என்றேன். ஏழாம் நம்பர் என் கையால் போன பிரிண்ட் என்று அப்போது நான் சொல்லவில்லை.

5. யாருண்ணா இது

போன் படத்தை வைத்தே வேலை செய்தேன். முகத்தைக் கழுவினேன், அதாவது அழுக்கை அழித்தேன். கண்ணீரை எடுத்தேன். ஒட்டியிருந்த முடியை வாரினேன். கண் திறந்தேன். அரக்குப் பட்டு கட்டினேன். காசுமாலை, தோடு, பெரிய பொட்டு. வேலை சுத்தமாக வந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "மகாலட்சுமி மாதிரி இருக்காங்க" என்றார்.

மாலதி தனியாக வந்தாள். திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருண்ணா இது?"

தொழிலில் எவ்வளவோ குறை கேட்டிருக்கிறேன். மூக்கு பெரிசு, நிறம் கம்மி, சேலை வேணாம் என்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

"கண்ணு அம்மாதில்லண்ணா. அம்மா கண்ணு மூடித்தானே இருந்துச்சு."

"மூடின கண்ணோட எப்படிம்மா மாட்டறது? பாக்கறவங்களுக்கு..."

"அன்னிக்கு உருண்டப்ப மூடியிருந்துச்சு. அதச் சொல்றேன்."

"உருண்டப்பவா? எங்க உருண்டாங்க?"

"கோயில்லதாண்ணா. எங்கூரு மாரியம்மன் கோயில்ல. ஆடி மாசம்."

பிறகு அவளாகவே சொன்னாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்து இதயத்தில் வால்வு கோளாறு. ஆபரேஷன் முடிந்து, பிழைக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் மேலே கையைக் காட்டிவிட்டாராம். அம்மா பெயர் அஞ்சலை. தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நேர்ந்துகொண்டார்களாம். பொண்ணு நடந்து வீட்டுக்கு வந்தா, மூணு சுத்து உருள்றேன், வருஷா வருஷம் ஊருக்குக் கூழ் ஊத்தறேன் என்று. பொண்ணு நடந்து வந்தாள். அந்த ஆடியில் அஞ்சலையம்மா காப்புக் கட்டி, மஞ்சள் சேலை கட்டி, மஞ்சள் தண்ணி ஊற்றிக்கொண்டு, கோயிலைச் சுற்றி உருண்டார்கள்.

"மூணாவது சுத்துல அழுதுச்சு. நான் பக்கத்துலயே நடந்துக்கினே வந்தேன்ல, என்னப் பாத்துட்டு அழுதுச்சு. அப்புறம் எழுந்திருச்சு சேலை மாத்திக்கினு நூறு பேருக்குக் கூழ் ஊத்துச்சு."

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். என் வீட்டுக்காரியும் ஒரு ஆடியில் எங்கள் பையனுக்காக இப்படி உருண்டவள்தான். நான்தான் பக்கத்தில் வேப்பிலையோடு நடந்தேன். அவள் முகத்தில் மண்ணும் மஞ்சளும் வழிந்ததைத் துண்டால் துடைத்தது என் கைதான். அந்தக் கைதான் அஞ்சலையம்மா முகத்து மஞ்சளை இடது பக்கம் இழுத்து அழுக்காக்கியது. கறுப்பு வெள்ளையில் மஞ்சளும் அழுக்கும் ஒரே மாதிரி தெரியும். அது போட்டோகிராபருக்குத் தெரியாமல் போகலாம். ஆடி மாசம் தவறாமல் கூழ் குடிக்கிற எனக்குத் தெரியாமல் போகலாமா?

வந்து உட்கார்ந்து, அவளிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் படத்த பிரிண்ட் போட்டது நான்தாம்மா. மஞ்சளைக் கறுப்பாக்கினதும் நான்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"அம்மாகிட்ட அந்த போட்டோவ காட்டி, பசின்னு எழுதியிருக்கும்மான்னு சொன்னேன். அம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? வெரதம் இருந்தா பசிக்காதா, நெசம்தான்னுச்சு. அப்புறம் சொல்லிச்சு, பாவம், போட்டோ எடுத்த அந்தப் புள்ளைக்கு அன்னிக்கு யாரும் கூழ் குடுக்கல போலருக்கு, பசியோட நின்னுருக்கும், அதான் அப்படி எழுதிடுச்சுன்னு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

6. முழுப் படம்

ஹார்ட் டிஸ்கில் ஒரிஜினல் இருந்தது. திறந்தேன். கலர், கிராப் செய்யாத முழுப் படம்.

மஞ்சளென்றால் அப்படி ஒரு மஞ்சள். சேலை மஞ்சள், முகம் மஞ்சள், தரையில் ஓடுகிற தண்ணீர் மஞ்சள். அஞ்சலையம்மாவின் இரண்டு கையும் தலைக்கு மேலே நீண்டு, சேர்த்துக் கும்பிட்டபடி இருக்கின்றன. நடுவில் வேப்பிலைக் கொத்து. கண்காட்சிப் படத்தில் அந்தக் கைகள் கிராப்பில் போய்விட்டன. ஒரு ஓரத்தில் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற ஒரு ஆம்பளைக் கை. இன்னொரு ஓரத்தில் கொலுசு போட்ட ஒரு பாதம்.

"அது நான்" என்றாள் மாலதி, பாதத்தைக் காட்டி.

நாங்கள் மாட்டிய படத்தில் அந்தம்மா தன்னந்தனியாகக் கிடந்தார்கள். இதில் சொந்தக்காரர்களுக்கு நடுவில் இருந்தார்கள்.

முதலாளி பின்னால் வந்து நின்றார். படத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஆனால் தொழில் தொழில்தான். "கோபாலு, ஃபைல் நம்முது இல்ல. அவரைக் கேக்காம ஒரு புள்ளி வெளிய போகக் கூடாது. கேட்டா கோச்சுக்குவாரு. கோச்சுக்கினா நமக்கு மார்கழி வேலை பூரா போய்டும். யோசிச்சிக்க."

"கேக்கலன்னா, இந்தப் பொண்ணு அம்மாவுக்கு மூஞ்சி இல்லாம கருமாதி நடக்கும் மொதலாளி."

அவர் மாதா படத்தைப் பார்த்தார். "அப்ப இப்பவே பேசு. நான் பக்கத்துல நிக்கறேன்."

7. பிரான்சுக்கு ஒரு போன்

"முசியே, கோபால் பேசறேன். ஏழாம் நம்பர் படத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"இன்னா தப்பு?"

"அந்தம்மா மூஞ்சில இருக்கறது அழுக்கு இல்ல. மஞ்சள்."

"தெரியும் கோபால்" என்றார். "கோயில்ல தானே எடுத்தேன். ஆனா கலர்ல பாத்தா திருவிழா படமா இருந்துது. கறுப்பு வெள்ளையில அந்த முகத்துல ஒரு வலி வந்துச்சு. அத வுட மனசு வரல."

"வலி இருந்துதுதான் முசியே. மூணு சுத்து உருண்டா முதுகு எரியும். என் வீட்டுக்காரியைக் கேட்டா சொல்லுவா."

சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "எத்தனை பேர் அந்தப் படத்து முன்னாடி நின்னு அழுதாங்க தெரியுமா? நான் பொய் சொல்லணும்னு எடுக்கல."

"புயலப்ப நீங்க எடுத்த படத்தால தார்ப்பாய் வந்துச்சு, அத நான் மறக்கல. அந்தப் பசி நெசம். இந்தம்மா பசி வேற."

"வேறன்னா?"

விரதத்தைச் சொன்னேன். மகளைச் சொன்னேன். கூழைச் சொன்னேன். அந்தம்மா உங்களைப் பற்றி இப்படிச் சொன்னார்கள் என்று, அதையும் சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு ஒரு அம்மா சொம்புல கூழ் நீட்டினாங்க கோபால். வயித்துக்கு ஒத்துக்காதுன்னு கைய ஆட்டிட்டேன். அவங்களா, வேற யாரோ. மூஞ்சிய சரியா பாக்கல." பிறகு கேட்டார்: "அவங்க பேரு இன்னா?"

"அஞ்சலை."

"இருக்காங்களா?"

"இல்ல முசியே. கருமாதிக்கு மாட்டறதுக்குத்தான் உங்க படத்தக் கேக்கறோம். வேற படம் இல்ல."

"முழு ஃபைலையும் அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க. அது அவங்களுது" என்றார்.

முதலாளி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

8. நிமிர்த்தி வைத்தேன்

இனிப் படம் செய்ய வேண்டும். கருமாதிக்கு நான்கு நாள் இருந்தது. மாலதி டெம்ப்ளேட் வேண்டாம் என்றாள். எனக்கும் வேண்டாம். ஆனால் படுத்திருக்கிற படத்தை, அதுவும் கண் மூடிய படத்தை, மாலை போட்டு எப்படி மாட்டுவது? சும்மா படத்தைத் திருப்பிப் பார்த்தேன். தரையில் நீட்டிப் படுத்திருந்த அஞ்சலையம்மா எழுந்து நின்றார்கள். தலைக்கு மேல் இரண்டு கையும் குவித்து, வேப்பிலையோடு, கண்ணை மூடி அம்மன் முன்னால் நிற்கிற மாதிரி. கை தெரிகிறபோது மூடிய கண் செத்த கண்ணாகத் தெரியவில்லை. நாம் எல்லோரும் கும்பிடும்போது கண்ணை மூடத்தானே செய்கிறோம். வேறொன்றும் செய்யவில்லை. நிமிர்த்தி வைத்தேன், அவ்வளவுதான். கன்னத்து மண்ணை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்ணா, அது கோயில் மண்ணு" என்றாள்.

மாமா வந்தார். மாலதி அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. திரையைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"நான் இன்னா சொல்லிட்டுப் போனேன்? பட்டு எங்க? நகை எங்க? கண்ணு ஏன் மூடிக்கினு இருக்குது? எங்க அக்காவ ரெண்டாவது வாட்டி அசிங்கப்படுத்தறீங்களா?"

"ஐயா, முழுப் படத்தையும் ஒரு தடவ பாருங்க. அப்புறம் நீங்க சொல்றதச் செய்யறேன்" என்று ஒரிஜினலைத் திறந்தேன்.

பார்த்தார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். குடம் பிடித்த கையில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது. தன் கையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே தழும்பு.

"என் கை" என்றார். பிறகு மாலதியைப் பார்த்து, "நான்தாண்டி தண்ணி ஊத்தினேன். மூணாவது சுத்துல ஒங்கம்மா போதும்டா, கண்ணு எரியுதுடான்னுச்சு. இன்னும் ரெண்டு குடம்தாங்கா, பொறுத்துக்கன்னேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். பூக்காரம்மா அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து, இரண்டு முழம் பூவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

"பட்டு வேணாம்" என்றார் மாமா. "இதவிட இன்னா பட்டு."

மாலை போடுகிற படத்தில் உயிரோடு இருக்கிறவர் உடம்பு எதுவும் இருக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் மாமா கையையும் மாலதி பாதத்தையும் கிராப் செய்ய வேண்டியிருந்தது. எதை எடுக்கிறேன், ஏன் எடுக்கிறேன் என்று அவர்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிச் சொல்லித்தான் எடுத்தேன். மாமா தன் வீட்டில் மாலை இல்லாமல் மாட்டிக்கொள்ள முழுப் படத்தில் தனியாக ஒரு பிரிண்ட் கேட்டார். "அதுல என் கை இருக்கணும்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

பதினாறாம் நாள் நானும் என் வீட்டுக்காரியும் போயிருந்தோம். படத்தைப் பார்த்த ஊர்ப் பெண்கள், "அஞ்சலை, கோயில்ல நிக்கற மாதிரியே இருக்காடி" என்றார்கள். என் வீட்டுக்காரி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "இப்பத்தான் ஒழுங்கா ஒரு வேலை செஞ்சிருக்க" என்றாள். அவள் வாயில் அது பெரிய வார்த்தை.

9. சொம்பு

மார்கழியில் வருகிற அந்துவான் அந்த வருஷம் ஆடியில் வந்தார். லேபுக்குள் நுழைந்ததுமே, "அந்த ஊருக்குப் போகணும் கோபால்" என்றார்.

மாலதி வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி அண்டாவில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா வருஷா வருஷம் ஊற்றுவேன் என்று நேர்ந்ததை, துக்க வருஷம் என்று நிறுத்தாமல் அவள் தொடர்கிறாள். அந்துவான் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றார். அவர் யார் என்று நான் சொல்லவில்லை. மாலதியே கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்கதானா சார்?"

"நான்தாம்மா. மன்னிச்சுக்கோ."

"அத வுடுங்க. எங்கம்மா ஒரு பாக்கி வெச்சுட்டுப் போயிருக்குது ஒங்களுக்கு" என்று சொம்பு நிறைய ஊற்றி, சின்ன வெங்காயத்தை உரித்து, பக்கத்தில் மோர்மிளகாய் வைத்து நீட்டினாள்.

ஒரே மூச்சில் குடித்தார். தாடியில் ஒழுகியது.

"வயித்துக்கு ஒத்துக்குமா முசியே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சும்மா இரு" என்று சொல்லிவிட்டு சொம்பை மறுபடி நீட்டினார்.

வீட்டுக்குள் அஞ்சலையம்மா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கும்பிடத் தெரியாத மாதிரி முதலில் நின்றார், பிறகு கையைத் தூக்கித் தலைக்கு மேல் சேர்த்தார், அந்தம்மா சேர்த்திருந்த மாதிரியே. அன்றைக்கு ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"பசி" வரிசையில் இப்போது பதினொரு படங்கள்தான். மற்றவை நிஜமான பசி, அவை இருக்க வேண்டியதுதான். ஏழாவதைக் கலரில், முழுசாக, தனியாக மாட்டுகிறார். கீழே என்ன எழுதுவது என்று மாலதியையே கேட்டார். அவள் சொன்னபடி எழுதியிருக்கிறது: "அஞ்சலை. மகள் பிழைத்த வேண்டுதல்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இவ்வளவுதான் உண்டு. அழகாக்கச் சொன்னாலும் அசிங்கமாக்கச் சொன்னாலும், அந்த முகம் நம் கைக்கு வரும்போது இன்னொருவருடைய வீட்டுச் சாமான். இப்போது நான் எந்த முகத்தைத் திறந்தாலும் கொண்டுவந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். இவர் பேர் என்ன? அன்றைக்கு என்ன நாள்? சில போட்டோகிராபர்கள் சலித்துக்கொள்வார்கள். பேர் தெரியாது என்பார்கள். போய்க் கேட்டுவிட்டு வாங்க, படம் எங்கேயும் போகாது என்பேன். முதலாளி முன்பெல்லாம் முறைப்பார். இப்போது ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்க சார், அதுக்குள்ள ஒரு டீ சொல்றேன்" என்கிறார்.

தெரிந்துகொண்டு வந்து சொன்ன பிறகுதான் ஸ்லைடரில் கை வைக்கிறேன். மஞ்சளைத் தொடும்போது மட்டும், மாரியம்மா என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.